போகம்பறைத் தூக்குமேடையும் உரோமையர் பதின்மூன்றாம் அதிகாரமும்

கண்டி நகரின் நடுவே 1876 இல் ஆங்கிலேயர் கட்டியெழுப்பிய போகம்பறைச் சிறைச்சாலை 2014 இல் மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டனராயினும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மனிதரைத் தூக்கிலிட்ட இடம் என்னும் நினைவு அம்மதில்களை விட்டு அகலவில்லை. 1815 இன் கண்டி ஒப்பந்தம் சித்திரவதையையும் உறுப்புகளை வெட்டும் தண்டனைகளையும் விலக்கியது. மரண தண்டனையை மட்டும் விலக்காமல், தேசாதிபதியின் எழுத்தாணையின்றி அதை நிறைவேற்றலாகாது என்று வரையறுத்தது. மூன்றே ஆண்டுகளில், 1818 நவம்பரில், கெப்பெட்டிபொல திசாவை அதே போகம்பறையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். உயிரைப் பறிக்கும் உரிமையை ஆட்சி தன்னிடம் வைத்துக்கொள்ளும்போது, அவ்வுரிமைக்கு வேதாகமம் சான்று தருகிறதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

மரண தண்டனையை ஆதரிப்போர் முதலில் காட்டுவது ஆதியாகமம் 9:6 ஆம் வசனத்தை. மனித இரத்தம் சிந்துகிறவனின் இரத்தம் மனிதனாலேயே சிந்தப்படும் என்பது அதன் கருத்து. இது கட்டளையா, வன்முறை வன்முறையையே விளைவிக்கும் என்னும் எச்சரிக்கையா என்பதில் அறிஞர் ஒருமித்ததில்லை; ஆயினும், மனிதன் கடவுளின் சாயல் என்று அவ்வசனம் கூறும் காரணம் கொலையுண்டவனுக்கு மட்டுமன்றிக் கொலைஞனுக்கும் பொருந்துவதை மறுப்பதற்கில்லை. முதற்கொலைஞனாகிய காயீனைக் கடவுள் கொல்லாமல், பிறர் அவனைக் கொல்லாதபடி அடையாளமிட்டுக் காத்தார் என்பதும் அதே நூலில்தான் உள்ளது. மோசேயின் சட்டமோ கொலைக்கு மட்டுமன்றி, ஓய்வுநாளை மீறுவதற்கும் பெற்றோருக்கு அடங்காத மகனுக்கும் மரணத்தை விதித்தது. அவற்றை இன்று நிறைவேற்றக் கோருவார் எவருமில்லை. ஆகவே, வேதத்தை உள்ளபடியே கடைப்பிடிப்பதாகச் சொல்வோரும் தெரிந்தெடுத்தே வாசிக்கின்றனர்.

எதிர்ப்போரிடமும் இத்தகைய குறை உண்டு. பத்துக் கட்டளைகளில் கொலையை விலக்கும் கட்டளை முடிவானது என்பர் அவர்கள். அங்குள்ள ‘ராட்சாக்’ என்னும் எபிரேய வினைச்சொல் சட்டவிரோதக் கொலையையே குறிக்கும் என்பது மறுதரப்பின் பதில். ஆனால் எண்ணாகமம் 35:30 இல் கொலைஞனுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதற்கும் அதே சொல்லே ஆளப்பட்டிருப்பதால், அகராதியை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்துவிட இரு தரப்பாருக்கும் இயலாது.

எல்லாவற்றிலும் வலுவான சான்றாகக் கொள்ளப்படுவது உரோமையர் 13:4. அதிகாரி வாளை வீணாக ஏந்தவில்லை என்கிறார் பவுல். அங்குள்ள ‘மக்காய்ரா’ என்னும் கிரேக்கச் சொல் குறுவாளைக் குறிப்பது. ஆகவே அது காவல் அதிகாரத்தின் அடையாளம் மட்டுமே என்று சிலர் விளக்குவர். எனினும், ஏரோது யாக்கோபைக் கொன்றதும் அப்போஸ்தலர் பணி 12:2 இன்படி ‘மக்காய்ரா’வால்தான், கெத்செமனியில் உறையிலிடுமாறு இயேசு பணித்ததும் ‘மக்காய்ரா’வையே. இங்கும் சொல் தீர்ப்பளிப்பதில்லை, சூழலே தீர்ப்பளிக்கிறது. அதிகாரப் பிரிவுகள் பவுல் இட்டவை அல்ல, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இடப்பட்டவை. அவற்றை நீக்கி வாசித்தால், பழிவாங்காதீர்கள், பழிவாங்குதல் கடவுளுக்கே உரியது என்னும் 12:19 இலிருந்து பேச்சு இடைமுறியாமல் வாளுக்குச் செல்கிறது. வாளைக் கூறியதற்குப் பின்வரும் ஐந்தாவது வசனத்திலேயே, கொலை செய்யாதே என்னும் கட்டளையைப் பவுல் பெயர் சொல்லி எடுத்து, அது அன்பில் நிறைவு பெறுகிறது என்கிறார். வாளின் வசனத்தைத் தனியே பிடுங்கியெடுத்துத் தூக்குமேடைக்குத் தூணாக நாட்டுவது பவுலுக்குச் செய்யும் அநீதியே.

திருச்சபையும் ஒரே நாளில் இத்தெளிவை அடையவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில், குருவைக் கொன்றோரையும் கொல்ல வேண்டாமென அதிகாரி மார்செல்லீனுக்கு எழுதியவர் புனித அகுஸ்தீன். நோயுற்ற உறுப்பை வெட்டுவதுபோல் குற்றவாளியை அகற்றலாம் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாதிட்டவர் புனித தோமா அக்குவினாஸ். வத்திக்கான் நகர அரசின் சட்டத்திலும் 1929 முதல் 1969 வரை மரண தண்டனை இருந்தது. 2018 ஜூலையில், சிறையிலிருந்தே போதைவஸ்து வணிகத்தை நடத்துவோரைத் தூக்கிலிட சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அமைச்சரவை முடிவெடுத்தபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் அதற்கு ஆதரவு தெரிவித்ததாகச் செய்தி வெளியாகிப் பின்னர் விளக்கமும் அளிக்கப்பட்டது. அடுத்த மாதம் 2 ஆம் நாள், மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று மறைக்கல்வி நூலின் 2267 ஆம் பத்தி திருத்தப்பட்டதைத் திருப்பீடம் அறிவித்தது. 2019 ஜூனில் நால்வருக்கான ஆணையில் சனாதிபதி கையொப்பமிட, உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது.

1976 இற்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் அத்தண்டனை சட்டத்தினின்று நீக்கப்படவுமில்லை, நீதிமன்றங்கள் அதை இன்னும் விதித்தே வருகின்றன. அம்பிட்டியக் குருமடத்திலும் பிலிமத்தலாவை இறையியற் கல்லூரியிலும் பயின்று மலையகப் பங்குகளிலும் சபைகளிலும் பிரசங்க மேடையேறுவோர், அடுத்த முறை உரோமையர் 13 ஐ வாசிக்க நேரும்போது, 12:17 இல் தொடங்கி 13:10 வரை நிறுத்தாமல் வாசித்து மக்களுக்கு விளக்குவார்களாக.