காணாக் காரணமும் தேராத் தெளிவும்

கண்ணுக்குத் தெரியும் விளைவைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத காரணத்தை எந்த அளவுக்குத் துணியலாம் என்பது இந்திய மெய்யியல் மரபுகள் அனைத்தும் எதிர்கொண்ட கேள்வியாகும். அறிவு மெய்யானதா என்று உறுதிசெய்யும் வழிகளைத் தமிழ் நூல்கள் அளவை என்று வழங்கின. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரத்து அளவைவாதி அத்தகைய அளவைகள் பத்தினை விளக்கி, அறிவு பிழைபடும் வழிகள் எட்டினையும் உடன் எடுத்துரைக்கிறான். அந்த ஆய்வு ஏட்டோடு நின்றுவிடும் கல்வியன்று என்பதைப் பழைய மினிவேன் ஒன்றின் கியர் கோளாறு கூட மெய்ப்பிக்கும்.

அளவைவாதி கூறும் கருத்தளவையில், அதாவது அனுமானத்தில், எச்சம் என்பது ஒரு வகை. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்று துணிவதே அது. குமரி மாவட்டத்தில் திற்பரப்பு அருவி பெருக்கெடுக்கும்போது மலையில் மழை என்று சொல்வது இயல்பே. ஆயினும் அருவிக்கு மேலே, கோதையாற்றின் குறுக்கே 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை இருப்பதால், அன்று மழையே இல்லாமல் அணைநீர் திறந்துவிடப்பட்டாலும் அதே வெள்ளம் வரும். ஒரு விளைவுக்கு இரு காரணங்கள் பொருந்துமிடத்து, ஒன்றைச் சோதித்து விலக்காமல் மற்றொன்றைத் துணிவது அனுமானம் ஆகாது.

முதலில் சொன்ன மினிவேன் கோளாறிலும் இதே சிக்கல் உண்டு. 1989ஆம் ஆண்டு மாடல் வண்டிகளில் கிறைஸ்லர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ604 என்னும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டாட்ஜ் காரவான் போன்ற மினிவேன்களில் பெருமளவில் ஓடியது. அதனுள் கிளட்சுகளை இறுக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெய் செல்லும் வழியைத் தீர்மானிப்பவை சாலினாய்டுகள், அதாவது மின்சாரம் பாயும்போது காந்தமாகி வால்வை நகர்த்தும் கம்பிச்சுருள்கள். உள்ளே வரும் சுழற்சியின் வேகத்தையும் வெளியே செல்லும் சுழற்சியின் வேகத்தையும் இரு சென்சார்கள் அறிவிக்க, கட்டுப்பாட்டுக் கணினி அவற்றை ஒப்பிடுகிறது. கணக்கு ஒத்துவராவிட்டால், கூடுதல் சேதத்தைத் தவிர்க்க அது சாலினாய்டுகளுக்கான மின்சாரத்தை ரிலே வழியாக நிறுத்திவிடுவதால், வண்டி இரண்டாம் கியரைத் தாண்டாது. கிளட்சு தேய்ந்து வழுக்கினாலும் கணக்கு ஒத்துவராது. சென்சாரின் வயர் உராய்ந்து அறுந்தாலும் ஒத்துவராது. ஓட்டுபவருக்கோ இரண்டும் ஒரே கோளாறாகவே தெரியும்.

உள்ள நெறி என்று அளவைவாதி ஓர் அளவையைச் சொல்கிறான். இரும்புக்கோல் திரும்புவதைக் கண்டு அங்கே காந்தம் உண்டு என்று அறிவது அது. சாலினாய்டைச் சோதிப்பவரின் வழியும் இதுவே. ஆனால் கோல் அசையாதபோது காந்தம் கெட்டது என்று முடிக்காமல், அதைக் காந்தமாக்கும் மின்சாரம் வந்து சேர்ந்ததா என்று அவர் மேலும் பின்னோக்கிச் செல்லவேண்டும். உப்புக்காற்றும் இரு பருவமழைகளும் படும் குமரிக் கடற்கரையில், எர்த் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறி மின்சாரம் தடைபடுவது எளிதில் நேரக்கூடியது. இழைகள் பல அறுந்து ஓரிழை மட்டும் எஞ்சிய எர்த் வயரை, மின்சாரம் பாயாத நிலையில் மல்டிமீட்டரால் தொட்டால், தொடர்பு உண்டு என்றே அது காட்டும். மின்சாரம் பாயும் நிலையில் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையே வோல்ட்டைப் பார்க்கும்போதுதான், நல்ல இணைப்பில் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கவேண்டிய அளவு அதைத் தாண்டிப் பழுதை வெளிப்படுத்தும். ஆகவே காட்சியும் தானாகவே மெய்யாகிவிடுவதில்லை. எந்த நிலையில் காண்கிறோம் என்பதும் அறிவின் பகுதியே.

பிழைகள் எட்டனுள் ஒன்று தேராது தெளிதல், அதாவது ஆராயாமலே முடிவுக்கு வருதல், மற்றொன்று ஐயம். ஐயத்தை அளவைவாதி பிழை என்று தள்ள, நியாய நூலாரோ ஆய்வுக்கு வேண்டிய பதினாறு பொருள்களுள் ஒன்றாக அதை ஏற்றனர். இவ்விரண்டும் முரண் அல்ல. ஐயத்திலேயே தங்கிவிடுவது குறை, ஐயத்திலிருந்து தொடங்குவது கடமை. வயரைப் பாராமல் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்பளித்தால், உரிமையாளர் பெருந்தொகை கொடுத்துப் புதியதைப் பூட்டிய பின்னும், பழைய வயரோடு பழைய கோளாறும் தொடரும். தேராது தெளிந்தவரின் பிழைக்கு விலை கொடுப்பவர் வேறொருவர் என்பதால் இது அறிவின் பிழையாக மட்டுமன்றி அறத்தின் பிழையாகவும் ஆகிறது.

மணிமேகலையின் இறுதிக் காதை, துன்பத்தின் தோற்றத்தைப் பேதைமை முதலாகப் பன்னிரண்டு சார்புகளின் தொடராகக் காட்டுவதும் இந்த நெறியைச் சார்ந்ததே. கடைசிக் கண்ணியில் வெளிப்படும் துயரை அங்கேயே வைத்துத் தீர்க்க முடியாது என்பது அதன் முடிவு. பிறர் துன்புறும்போது, அது அவர்கள் செய்த பாவத்தின் பயன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் சமய வழக்கம் இந்தத் தொடரைத் தேடிச்செல்லும் உழைப்பைத் தவிர்க்கிறது. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது, எளிதில் சோதிக்கக்கூடியதை முதலில் சோதித்து, பிறகே பெரியதன்மேல் குற்றம் சாட்டவேண்டும். இயந்திரத்தைக் குறித்தாயினும் மனிதரைக் குறித்தாயினும், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்போர் இந்த ஒழுங்கைக் கைவிடலாகாது.