கைது நாளும் தீர்ப்பு நாளும்

குற்றவியல் நீதியையும் வெகுஜன ஊடகத்தையும் ஒருங்கே கற்க வேண்டும் என்று மலேசியாவின் லூமுட்டிலோ சித்தியவானிலோ ஓர் இளம்பெண் ஆசைப்பட்டால், வீட்டுப் பெரியவர்கள், "போலீஸ் வேலைக்கா, பேப்பர் வேலைக்கா? ரெண்டுல ஒன்னு சொல்லும்மா" என்றுதான் கேட்பார்கள். பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து உழைத்த தலைமுறையின் வாரிசுகள், கல்வியைச் சம்பளத்துக்கு வழியாகக் கருதுவதில் யாதொரு பிழையும் இல்லை. ஆயினும் அவ்விரு வித்தைகளும் ஒன்றையொன்று திருத்த வல்லவை என்பதும், ஒன்றை மட்டும் கற்றவன் பாதி மனிதனாகவே நியாயத்தை அணுகுகிறான் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் 1901-ஆம் ஆண்டு ஜோலியட் நகரில் தொடங்கிய சமூகக் கல்லூரி மரபில் இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்படுவது சாதாரணம். 1968-க்குப் பின் காவலர்களின் படிப்புக்கு மத்திய அரசு பொருளுதவி செய்யத் தொடங்கியதும் அங்கே குற்றவியல் நீதிப் பாடம் பெருகிற்று. நம் நாட்டில் 2001 முதல் திறக்கப்பட்ட சமூகக் கல்லூரிகளோ மின்சாரம், மோட்டார் வாகனம், சமையற்கலை முதலிய கைத்தொழில்களையே பெரும்பாலும் போதிக்கின்றன. அவையும் வேண்டியவையே. ஆனால் நம் பெண் தன் விருப்பத்தை நிறைவேற்ற வேறிடம் தேடித்தான் ஆக வேண்டும்.

அவள் முதலில் படிக்க வேண்டிய வழக்கு எதுவென்று என்னைக் கேட்டால், லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கு என்பேன். 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தி, திரைப்பட உலகினரின் அந்தரங்கங்களை அச்சிலேற்றிப் பிழைத்த அம்மனிதர், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைப்பட நடிகர்களான எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாயினர், 1945-இல் ஜூரிகளின் முடிவின்மேல் அவர்களுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற முறையீட்டின் பயனாக 1947-இல் இருவரும் நிரபராதிகள் என விடுதலையாயினர். கொலையுண்டவர் எழுத்தால் பிறர் மானத்தை விற்றவர். சிறை சென்ற இருவரோ, தீர்ப்புக்கு முன்பே ஊர்வாயால் தீர்க்கப்பட்டவர்கள். அந்த ஜூரிகளும் காலையில் பத்திரிகை படித்துவிட்டுத்தானே மன்றத்துக்கு வந்திருப்பார்கள்! (மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்தது, ஊராரின் தீர்ப்பு மட்டும் ஒழியவில்லை.) பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்கையில், அதன் நாயகர் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் அவர் படங்கள் பழைய வெற்றியைக் காணவில்லை. 1959-இல் அவர் மறைந்தார். விடுதலை என்ற சொல்லைச் சட்டம் உச்சரித்துவிட்டது. இழந்த வாழ்க்கையை மீட்டுத் தரும் சக்தி சட்டத்திடம் இல்லை.

இந்த அநீதியின் மூலகாரணம் எங்கே இருக்கிறதென்று பார்த்தால், செய்தியின் காலமும் நீதியின் காலமும் வெவ்வேறாக இருப்பதில் இருக்கிறது. ஓர் இளைஞன் கைதாகி, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் தடுப்புக் காவலில் வைக்கப்படும் அன்றே அவன் படம் அச்சேறுகிறது. வழக்கு மாதக்கணக்கில் நடந்து அவன் குற்றமற்றவன் என்று முடியும் நாளில், மன்றத்தில் நிருபர் இருப்பது அருமை. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் விலை தெரியும். லோக்காப்பில் ஓர் இரவு இருந்தவன் என்ற பெயர், அவனுடைய வேலையையும் தங்கையின் கல்யாணப் பேச்சையும் பல வருஷங்கள் தொடர்ந்து வருகிறது.

செய்தி நீதியோடு கடைசிவரை நடந்த நேர்மாறான நிலையும் உண்டு. அதற்கு உதாரணம் லூமுட்டிலேயே இருக்கிறது. 2018 மே மாதம் கடற்படைத் தளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர், சில நாட்களிலேயே உயிரிழந்தார். அக்குடும்பத்தின் துயரத்தை மதித்துப் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். மரண விசாரணை நடந்து, மேல்முறையீடும் நடந்து, அம்மரணம் கொலையே என்று ஈப்போ உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் அறிவித்தது. ஏழு வருஷங்கள்! அத்தனை காலமும் ஒரு பெற்றோர் சலியாமல் நடந்தார்கள், வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், செய்தி எழுதுவோரும் அதை மறந்துவிடாமல் மீண்டும் மீண்டும் எழுதினார்கள். இங்கே அவசரச் செய்தியால் யாதொரு பயனும் விளைந்திராது. மருத்துவச் சாட்சியத்தைப் புரிந்துகொள்ளவும், ஒத்திவைப்புக்கு ஒத்திவைப்பு வந்து உட்காரவும், தெரியாததைத் தெரிந்ததாக எழுதாமல் இருக்கவும் பழகிய எழுத்தே அக்குடும்பத்துக்குத் துணையாயிற்று.

அப்பழக்கம் இக்காலத்தில் அருகி வருகிறது. 2024 ஏப்ரல் 23 அன்று அதே தளத்தில், அணிவகுப்பு ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி பத்துப் பேர் மாண்டபொழுது, அக்காட்சி கைக்குக் கை பரவியது. பரப்ப வேண்டாம் என்று கடற்படை கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பரப்பியவர்கள் துஷ்டர்கள் அல்லர். பிறர் துயரத்தைக் காட்டுவதற்கு முன் நிதானிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை, அவ்வளவே. மற்றொரு பக்கம், 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோயிற்று. ஒரு பத்திரிகை நிற்கும்போது, நீதிமன்றத்தில் நம் மொழியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு நாற்காலியும் காலியாகிறது. அதை நிரப்பப் போகிறவர்கள் யார் என்பது நம் சமூகத்தின் அவசரக் கேள்வி.

ஆகவே சித்தியவான், ஆயர் தாவார், லூமுட் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இவ்விரண்டையும் சேர்த்துக் கற்க விரும்பினால் தடை சொல்லாதீர்கள். விண்ணப்பம் எழுதுமுன் ஒருநாள் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, அன்றைய விசாரணையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்வையாளர் இருக்கையிலிருந்து கேட்கச் செய்யுங்கள். 1964-ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டப்படி அம்மன்றங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அனுமதிக் கட்டணம் ஏதும் இல்லை.