உழைச்செல்வான்

எங்கள் சிவகாசியில் மருந்து என்றால் இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து. பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. ஒன்றால் வெந்தவர்களுக்கு இன்னொன்றை இடுவதுதான் 24 வருடமாக என் வேலை. தீக்காய வார்டில் மூத்த உதவியாளர் நான்.

வார்டு வாசலில் அடிக்கடி கேட்கும் சொல், "எல்லாம் தலையெழுத்து." 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அவர்களில் உண்டு. உதவப் போனவருக்கு எந்த வினைக்கணக்கில் இந்தக் கூலி?

காயத்தில் ஒட்டிய துணியை உரிக்கக் கூடாது. சலைன் ஊற்றி, ஊறும்வரை பொறுத்து, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைக் கைபிடித்துக் கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு. அப்படி ஒருநாள் கட்டு மாற்றும்போது, நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்க ஓர் அக்கா கேட்டார்: "நான் என்ன பாவம் செஞ்சேன் தாயி?"

"ஒரு பாவமும் செய்யலக்கா." அவர் விரல்கள் என் கையை இறுகப் பற்றின.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து நான்கு கூறாக்கினார். அருகிருந்து மருந்து கொடுப்பவரும் மருந்தின் ஒரு பங்கு என்பது அதன் பொருள்.

விதியை வெந்தவர் முன் பேசாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.