உதட்டின் உரிமை

அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் சால்ட் என்றோர் ஆறு. உப்பூற்றுகள் கலப்பதால் அப்பெயர். கோடையில் மக்கள் காற்றடைத்த இரப்பர் வளையங்களில் அமர்ந்து அதன் போக்கிலேயே மிதக்கின்றனர். இளவேனிலில், மேலே மலையிடுக்குகளில், பனியுருகிய வெள்ளத்தில் படகு விடுகின்றனர். கரையில் கழுகும் நாரையும் கண்டு மகிழ்கின்றனர்.

பாலையில் நீரை விளையாட்டுப் பொருளாக்குதல் வீண்விரயமன்றோ? ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்வோனும் நீரை விரயமாக்கலாகாது எனப் பயின்ற நமக்கு இவ்வினா எழுதல் இயல்பே. ஆயினும் மிதப்பவன் நீரைச் செலவழிப்பதில்லை. ஸ்டூவர்ட் மவுண்டன் அணை திறந்துவிடும் அந்நீர் கீழே கிரானைட் ரீஃப் அணையில் தடுக்கப்பெற்று, ஃபீனிக்ஸ் வட்டாரத்தார் குடிக்கவும் வயல்கள் விளையவும் கால்வாய்களிற் புகுந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆற்றில் பெரும்பாலும் வறண்ட மணலே.

நான் ஐயுறுவது வேறோரிடத்தில். ஓடும் நீரில் தாகமுற்ற மனிதர்க்கும் விலங்குக்கும் உள்ள பங்கினை ஃபிக்ஹு நூலார் ‘ஹக்குஷ் ஷஃபா’, அதாவது உதட்டின் உரிமை என்பர். (எத்துணை அழகிய பெயர்!) அவ்வாற்றில் காட்டுக் குதிரைகள் நீருள் முகம் அமிழ்த்தி நீர்ப்புல் மேய்கின்றன. 2015இல் வனத்துறை அவற்றைப் பிடித்தகற்ற முனைந்தது, மக்கள் கொதித்தெழுந்தனர், 2016இல் மாநிலம் அவற்றைக் காக்கச் சட்டம் இயற்றியது. அக்குதிரையைப் படம் பிடிக்கவென்று ஒருவன் நெருங்க, அது குடியாமலே கரையேறுமாயின், அவன் அதன் பங்கைப் பறித்தவனே. வளையத்திற்கு வாடகை கொடுத்தேன் என்பது அதற்கு விடையாகாது.