சனிக்கிழமை இரவு எட்டு மணி வரை

அபிப்பிராயங்களின் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் போதும், ஒரு மனிதனை அடையாளம் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை இன்று பலமாக இருக்கிறது. எந்தக் கட்சி, வரி பற்றி என்ன சொல்கிறான், எந்தக் கல்லூரி அணி ஜெயிக்க வேண்டும் என்கிறான் - இவை தெரிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆசாமியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில், லூயிசியானா மாநிலத்தில் வாழும் ஆசாரமான யூதன். அரசியலில் பழமைவாதி, குடியரசுக் கட்சிக்கு வாக்களிப்பவன். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி என்றால் உயிர். இவன் என் கற்பனை. இவனைச் சுற்றி நான் சொல்லப்போகிறவை கற்பனை அல்ல.

லூயிசியானாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கிழமை. அமெரிக்காவில் தேர்தல் என்றால் பொதுவாகச் செவ்வாய்க்கிழமை. ஜனாதிபதித் தேர்தலுக்கு 1845ல் சட்டம் அந்த நாளை நிர்ணயித்ததற்கு, விவசாயிகள் ஞாயிறு வழிபாட்டைக் கெடுத்துக்கொள்ளாமல் வாக்களிக்க வந்துசேர வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. லூயிசியானாவோ தன் ஆளுநரைச் சனிக்கிழமையில் தேர்ந்தெடுக்கிறது. கல்லூரிக் கால்பந்து நாடு முழுவதும் சனிக்கிழமைக்கு உரியது; அதிலும் பேட்டன் ரூஜ் நகரத்து ஸ்டேடியத்தில் 1931லிருந்து சனி இரவு ஆட்டம் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடும் இடம் அது. ஆக, அம்மாநிலத்தின் இரண்டு பெரிய ஆவேசங்களும், யூதன் எழுதக்கூடாத, வண்டி ஓட்டக்கூடாத, விளக்கைப் போடக்கூடாத அந்த ஒரே நாளில் வந்து விழுகின்றன. புத்தாண்டு, பாஸ்கா போன்ற யூதப் பண்டிகைகள் குறுக்கிட்டால் தேர்தல் தேதியை மாற்ற அம்மாநிலச் சட்டத்திலேயே இடமுண்டு. வாராவாரம் வரும் ஓய்வுநாளுக்கு அந்தச் சலுகை கிடையாது. இருக்கவும் முடியாது, அதுதான் தேர்தல் நாள்.

அரசியலும் ஆட்டமும் அங்கே ஒன்றோடொன்று கலந்துபோனதில் ஹ்யூயி லாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1928லிருந்து ஆளுநர், பிறகு 1935ல் கொலையுண்டது வரை செனட்டர். பல்கலைக்கழக அணியைத் தன் அணியாகவே நடத்தினார். பாண்டு வாத்தியக்காரர்களோடு ஊர்வலம் போனார்; அணிக்குப் பாட்டு எழுதுவதில் கூட்டுச் சேர்ந்தார். 1934ல் இடைவேளையின்போது ஆட்டக்காரர்களிடம் தான் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, பயிற்சியாளர் பிஃப் ஜோன்ஸ் ராஜினாமா செய்யும்படி ஆயிற்று. இதை ஒரு கோமாளித்தனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு கண்டுபிடிப்பாகப் படுகிறது. அணிக்குக் காட்டும் விசுவாசத்தை அப்படியே தலைவனுக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பதை லாங் கண்டுகொண்டுவிட்டார்.

அணிக்கான விசுவாசம் ஒரு விசித்திரமான குணம் கொண்டது. அது காரணம் கேட்பதில்லை. அணி தோற்றாலும், கேவலமாக ஆடினாலும், ஆட்டக்காரர்கள் மொத்தமாக மாறிப்போனாலும் அது குறைவதில்லை; குறையாமல் இருப்பதே அதன் பெருமை. ஒன்றும் பணயம் இல்லாததால் இது குற்றமற்றது. பந்து கோட்டைத் தாண்டுவதாலோ தாண்டாததாலோ யாருடைய வீடும் எரிவதில்லை. இதே விசுவாசம் கட்சிக்கு மாற்றப்படும்போது ஏற்படும் விபரீதத்தை 1991ல் லூயிசியானா பார்த்தது.

அந்த வருஷம் அக்டோபரில் நடந்த முதல் சுற்றில் பதவியிலிருந்த ஆளுநர் பட்டி ரோமர் மூன்றாவதாகத் தள்ளப்பட்டார். குடியரசுக் கட்சிக்கு அப்போதுதான் மாறியிருந்தவர் அவர். நம் ஆசாமி போன்றவர்களின் இயல்பான வேட்பாளர். எஞ்சியவர்கள் இரண்டு பேர். ஜனநாயகக் கட்சியின் எட்வின் எட்வர்ட்ஸ், முன்பு மூன்று முறை ஆளுநராக இருந்தவர், சூதாட்டப் பிரியர், ஊழல் வழக்கில் நீதிமன்றம் ஏறி விடுதலையானவர். 2000ல் வேறொரு வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றார். மற்றவர் டேவிட் ட்யூக், கூ க்ளக்ஸ் க்ளானின் முன்னாள் தலைவர். 1970ல் நியூ ஆர்லியன்ஸில் நாஜிச் சீருடை அணிந்து மறியல் செய்தவர். யூதப் படுகொலை நடக்கவில்லை என்று சொல்லும் புத்தகங்களை விற்றவர். 1989ல் மெட்டரி என்ற புறநகரிலிருந்து, எதிர்த்தவருக்கு ரீகனும் ஜனாதிபதி புஷ்ஷும் ஆதரவு தெரிவித்திருந்தும், 227 வாக்கு வித்தியாசத்தில் சட்டமன்றம் போனவர். நம் ஆசாமி கொண்டாடும் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர். தன்னை அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். கட்சியின் பெரியவர்கள் அவரை நிராகரித்தது ஊரறிந்த விஷயம்.

இறுதிச் சுற்று 1991 நவம்பர் 16, சனிக்கிழமை.

என் பட்டியல் பிரச்னை இங்கேதான் கூர்மை அடைகிறது. அந்தப் பிரச்சாரத்தில் ட்யூக் யூதர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. உழைக்காதவனுக்கு அரசாங்கம் படியளக்கக் கூடாது என்றார். வேலைக்கும் படிப்புக்கும் நிறம் பார்த்து இடம் தரக்கூடாது என்றார். வரி கூடாது என்றார். கடவுளிடம் திரும்பிவிட்டேன் என்றார். நம் ஆசாமியின் பட்டியலையும் ட்யூக்கின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிக்கு வரி ஒத்துப்போகும். எட்வர்ட்ஸின் பட்டியலோடு ஒரு வரிகூட ஒட்டாது. அபிப்பிராயங்கள்தான் மனிதன் என்றால் அவனுடைய வாக்கு யாருக்கு என்பதில் சந்தேகம் இருக்க முடியாது. வாக்களித்த வெள்ளையர்களில் பெரும்பான்மையோர் இந்தத் தர்க்கத்தைத்தான் பின்பற்றினார்கள். ஆறு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் ட்யூக்குக்கு விழுந்தன. ஏறத்தாழ 39 சதவிகிதம். இவர்கள் எல்லாரும் நாஜிகள் என்று சொல்ல நான் தயாரில்லை. பெரும்பாலோர் தங்கள் அணிக்கு வாக்களித்தார்கள். பிரச்னையே அதுதான்.

இனி நம் ஆசாமியின் அந்த ஒரு நாளைப் பார்க்கலாம். வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குள் ரேடியோவும் டெலிவிஷனும் அடங்கிவிடுகின்றன. அடுத்த இருபத்தைந்து மணி நேரம் மாநிலம் முழுவதும் ஒரே கூச்சல். அவன் வீட்டில் மேஜை, ரொட்டி, பாட்டு, தூக்கம். ஓய்வுநாளில் தொழில் பேச்சும் காரியப் பேச்சும் கூடாது என்பதற்கு ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆபிரகாம் ஹெஷல் 1951ல் எழுதிய சிறு புத்தகம் ஒன்றில் ஓய்வுநாளை இடத்தில் அல்லாமல் காலத்தில் எழுப்பப்பட்ட மாளிகையாகக் காண்கிறார். அழகான பார்வை. ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அதைவிடச் சாதாரணமான ஒரு விஷயம். எதையும் நிறுத்த முடியும் என்ற பழக்கம். வாரத்துக்கு ஒருமுறை, எவ்வளவு அவசரமானாலும், வியாபாரம் நிற்கிறது, ஆட்டம் நிற்கிறது, கட்சி நிற்கிறது. மூவாயிரம் சனிக்கிழமைகள் இப்படி நிறுத்திப் பழகியவனுக்கு, இவை எல்லாம் தன்னால் கீழே வைக்கக்கூடிய சாமான்கள் என்பது கைகளுக்கே தெரிந்திருக்கும். ஆவேசத்தின் நடுவில் அவன் இருப்பதில்லை. அதற்கு முன்னால் இருக்கிறான், பின்னால் இருக்கிறான்.

விலகி நிற்பதே ஒழுக்கம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. விலகல் கோழைக்கும் வசதியானது. இன்றைக்கு ஓய்வுநாள், எனக்கு இதில் சம்பந்தமில்லை என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். யூத மரபு இந்த ஆபத்தை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. மக்கபேயர் முதல் நூலில், ஓய்வுநாளில் ஆயுதம் எடுக்க மறுத்து ஒரு கூட்டமே வெட்டுண்டு சாகிறது. அதன்பின் மத்தத்தியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் ஓய்வுநாளிலும் எதிர்த்துப் போரிடுவது என்று தீர்மானிக்கிறார்கள். உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்பது மட்டுமல்ல, மீறியே ஆக வேண்டும் என்பது பிற்பாடு நிலைபெற்ற சட்டம். நிறுத்தத் தெரிந்தவன், நிறுத்துவதையும் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. நாஜிக்கு எதிராக யூதன் வாக்களிப்பதில் என்ன தார்மீகம் இருக்கிறது? அது தற்காப்பு. உண்மையான பரீட்சை வேறு: ட்யூக் கறுப்பர்களை மட்டும் வெறுத்து, யூதர்களைச் சகோதரர்கள் என்று அழைத்திருந்தால் நம் ஆசாமி என்ன செய்திருப்பான்? சரித்திரம் இதற்கு ஆறுதலான பதில் தரவில்லை. நியூ ஆர்லியன்ஸின் யூத மதகுரு ஜேம்ஸ் குட்ஹைம் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காத்து நின்ற தென்னக அணிக்கு விசுவாசமாக இருந்தார். வட அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பதைவிட ஊரைவிட்டுப் போவதே மேல் என்று 1863ல் வெளியேறினார். எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவில் வை என்று ஓய்வுநாள் கட்டளையோடு சேர்த்தே உபாகமம் சொல்கிறது. ஓய்வுநாளில் உன் வேலைக்காரனும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறது. அதை வாசிக்கும் மதகுருவுக்கு, சுற்றிலும் இருந்த அடிமைகள் தன் பிராந்தியத்தின் ஏற்பாடாகத்தான் தெரிந்திருக்கிறார்கள். ஆகவே ஓய்வுநாள் யாருக்கும் தானாகப் பார்வை தருவதில்லை. ஒரு இடைவெளியைத்தான் தருகிறது. அந்த இடைவெளியில் பார்க்கிறானா, தூங்குகிறானா என்பது அவனவன் பாடு.

இருந்தும் இந்த இடைவெளியை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஓய்வுநாளை முடித்துவைக்கும் சடங்குக்கு ஹவ்தாலா என்று பெயர். திராட்சரசம், வாசனைத் திரவியம், பின்னிய மெழுகுவர்த்தி. ஹவ்தாலா என்றால் பிரித்தல்: புனிதத்தைச் சாதாரணத்திலிருந்து, ஒளியை இருளிலிருந்து. அன்றைய மாலைத் தொழுகையில் இந்தப் பிரித்தலைச் சொல்லும் வாசகத்தை, அறிவை வேண்டும் பகுதியில் சேர்த்திருக்கிறார்கள். அறிவில்லாவிட்டால் பிரித்தறிவது எப்படி என்பது ரப்பிகள் தந்த விளக்கம். ஒரு நாள் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு, மறுபடி உலகத்துக்குள் நுழையும்போது முதலில் கேட்பது இதுவாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அணி வேறு, கட்சி வேறு. கட்சி வேறு, அதன் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறவன் வேறு. தன் அபிப்பிராயங்களைத் திருப்பிச் சொல்கிறவன் வேறு, தன் பக்கத்தில் நிற்கத் தகுந்தவன் வேறு.

நவம்பர் நடுவில் நியூ ஆர்லியன்ஸில் மாலை ஐந்து மணியைத் தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். நட்சத்திரங்கள் தெரிய ஆறு மணி நெருங்கும். வாக்குச்சாவடிகள் மூடுவது எட்டு மணிக்கு. இன்று முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியெல்லாம் இருக்கிறது. நான் நினைப்பது 1991ஐ. மெழுகுவர்த்தியைத் திராட்சரசத்தில் அணைத்துவிட்டு, நம் ஆசாமி கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். அவனிடம் இரண்டு மணி நேரம் இருக்கிறது. தன் அபிப்பிராயங்களில் ஒன்றைக்கூட அவன் மாற்றிக்கொள்ளவில்லை. வரி பற்றியும் சலுகை பற்றியும் நேற்று நினைத்ததையே இன்றும் நினைக்கிறான். வாய்ப்பிருந்தால் ராத்திரி ஆட்டத்தின் முடிவையும் கேட்டுக்கொள்வான். அவற்றோடுதான் வரிசையில் நிற்கிறான். ஒரு திருடனுக்கு வாக்களித்துவிட்டு வீடு திரும்புகிறான்.

அவனை அபிப்பிராயங்களின் பட்டியலாகப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கு ஒரு முரண்பாடு. எனக்கு அவனைப் பற்றித் தெரிந்தவற்றில் நம்பத்தகுந்தது இது ஒன்றுதான்.