திருடு போனது எவர் பொருள்?

"திருடிவிட்டார்கள்!" என்று ஒரு முறையீடு எழுந்தது. எங்கே? சந்தைத் தெருவிலா, காவல் நிலையத்து வாயிலிலா? அல்ல, தோழர்களே! இந்திய நாட்டின் உச்ச நீதிமன்றத்தில். முறையிட்டவர் கூலிப்பணத்தைப் பறிகொடுத்த பாட்டாளியுமல்லர். இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் வேணுகோபால். நாள், 2019 மார்ச் 6. களவு போனது பொன்னா, மணியா? காகிதம்! ரபேல் போர் விமானங்களை வாங்கிய கதையைக் கூறும், பாதுகாப்பு அமைச்சகத்துக் காகிதம். அதை அச்சேற்றியது நம் சென்னை அண்ணா சாலையிலிருந்து வெளிவரும் 'இந்து' நாளேடு.

இரண்டே நாளில் அவரே விளக்கமும் தந்தார். மூலக் கோப்புகள் அமைச்சகத்தை விட்டு அகலவில்லையாம். வழக்காடுவோர் இணைத்தவை நகல்கள் என்பதையே தாம் குறிப்பிட்டாராம். பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது. ஆயினும் களவு நடந்திருக்கிறது! விந்தையான களவு அன்றோ? அப்படியானால் பறிபோனது எது? காகிதம் அன்று, அதை மக்கள் அறியாதிருந்த நிலை. அதுதான் பறிபோயிற்று!

செய்தியைச் சுருங்கச் சொல்கிறேன். 2015 ஏப்ரல் 10 அன்று பாரிசு நகரில், 36 விமானங்கள் வாங்கப்போவதாகப் பிரதமர் மோடி அறிவித்தார். 2016 செப்டம்பர் 23 அன்று இரு அரசுகளும் ஒப்பமிட்டன. ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். பேரம் நடந்துகொண்டிருந்தபோதே, 2015 நவம்பரில், பிரதமர் அலுவலகம் தனிப்பட இணைப் பேச்சு நடத்துவது நம் பேரக்குழுவின் கையை வலுவிழக்கச் செய்யும் என்று பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளே கோப்பில் எழுதிவைத்தார்கள். அது மிகையான எதிர்வினை என்று அந்நாள் அமைச்சர் பரிக்கர் குறித்ததும் அதே கோப்பில் உண்டு. வெளியே வந்தது இதுதான்.

சிறுசேரியில் நான் ஆசிரியன். ஒருபுறம் கண்ணாடி மாளிகைகள். அங்கே கழுத்தில் அட்டை தொங்கவிட்டவர்க்கே கதவு திறக்கும். மறுபுறம் எங்கள் பள்ளி. கதவே சரியாகச் சாத்தாது. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் சில வேளை தலைக்குமேல் இரைந்து செல்லும். பாடம் ஒரு நொடி நிற்கும். அப்படி நின்ற ஒரு பொழுதில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் ரபேலையும் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "விலையைச் சொன்னால் விமானம் கீழே விழுந்துவிடுமா, சார்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனெனில் ஆளவந்தார் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. விலையைப் பிரித்துப் பிரித்துச் சொன்னால், விமானத்தில் எந்தெந்தக் கருவி பூட்டப்பட்டுள்ளது என்பதைக் கைதேர்ந்தவன் ஊகித்துவிடுவான் என்றார்கள். இதைப் பிதற்றல் என்று நான் தள்ளிவிட மாட்டேன். ராடாரின் அலைவரிசையை, ஏவுகணையின் எல்லையை அச்சிடும் ஏடு வீரம் செய்ததாக எண்ணமாட்டேன். ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். மறைவின் தேவையைத் தமிழன் அறியாதவனல்லன். ஆனால் பேரம் பேசியவர் யார், தடுத்துரைத்தவர் யார் என்ற குறிப்பில் எந்த ராடார் ஒளிந்திருக்கிறது? விற்றவனுக்கு விலை தெரியும். பிரெஞ்சு அரசுக்குத் தெரியும். தெரியாதவன் ஒருவனே: தீப்பெட்டி வாங்கும்போதும் வரி கட்டும் குடிமகன்!

நானும் இரகசியம் காப்பவன்தான். பொதுத்தேர்வு நாளில் வினாத்தாள் கட்டுக்குக் காவல் இருந்திருக்கிறேன். உயிரே போனாலும் முன்கூட்டிப் பிரிக்கமாட்டேன். ஆயினும் அந்த முத்திரைக்கு ஒரு மணிநேரம் குறித்திருக்கிறது. அந்த நேரம் வந்ததும் உறை மாணவர் கண்முன் பிரிக்கப்படுகிறது. விடைத்தாளின் நகலைப் பிறகு கேட்டுப் பெறவும் வழி உண்டு. எவருக்காக மறைக்கிறோமோ அவர்முன் ஒருநாள் திறக்கப்படும் மறைவு அது. நாள் குறிக்காத முத்திரையை எப்படி நம்புவது?

முத்திரை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இலக்கணம் கற்பிப்பவன் என்பதால் இதை விட மனமில்லை. ரபேல் விலை பற்றிய விவரத்தை அரசு மூடி முத்திரையிட்ட உறையில் உச்ச நீதிமன்றத்திடம் தந்தது. எதிர்த்தரப்பு அதைப் பார்க்கவில்லை. 2018 டிசம்பர் 14 அன்று தீர்ப்பு வந்தது. கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டதாக அதில் கண்டிருந்தது. அப்படியோர் அறிக்கை அன்று குழுவின் முன் வரவே இல்லை! மறுநாளே திருத்தம் கோரி அரசு ஓடிற்று: வழக்கமான நடைமுறையை நிகழ்காலத்தில் எழுதினோம், நீதிமன்றம் இறந்தகாலமாகக் கொண்டுவிட்டது என்றது. காலம் காட்டும் வினைச்சொல் ஒன்றில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இடறிற்று. எதிரே நிற்பவன் அந்தத் தாளைப் படித்திருந்தால், அரை நாழிகையில் பிழையைச் சுட்டியிருப்பான். அடுத்த பிப்ரவரி 13 அன்று தணிக்கை அறிக்கை நாடாளுமன்றம் வந்தது. விலை எண்கள் மறைக்கப்பட்டே வந்தன.

இது இந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. 1948 அக்டோபர் 6 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 இராணுவ விமானம் ஒன்று வீழ்ந்தது. இறந்த பொறியியலாளர் மூவரின் மனைவியர் வழக்குத் தொடுத்து, விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். இராணுவ இரகசியம், தரமுடியாது என்றது அரசு. 1953இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அறிக்கையைத் தானும் படித்துப் பாராமலே அரசின் பக்கம் நின்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து அறிக்கை வெளிவந்தது. மறைகருவி பற்றிய மந்திரம் எதுவும் அதில் இல்லை. விமானத்தைச் சரிவரப் பராமரிக்காத குறைதான் இருந்தது! கைம்பெண்களிடமிருந்து அதை மறைத்தார்கள்.

நம் நாட்டிலும் 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரத்துப் புட்காமில் ஒரு எம்.ஐ-17 ஹெலிகாப்டர் வீழ்ந்தது. படைவீரர் அறுவரும் ஊரார் ஒருவரும் மாண்டனர். வீழ்த்தியது நம் சொந்த ஏவுகணையே. ஏடுகளில் அது கசிந்தது. தேர்தல் வந்தது, முடிந்தது. அக்டோபர் 4 அன்றுதான் பெருந்தவறு நிகழ்ந்தது என்று விமானப்படைத் தளபதி பதவ்ரியா ஒப்புக்கொண்டார். நேர்மையான ஒப்புதல், மறுக்கவில்லை. ஏழு மாதம் கழித்து!

"ஆயினும், பணியேற்ற அதிகாரி கோப்பை வெளியே கொடுப்பது நம்பிக்கைத் துரோகமன்றோ?" என்று நண்பரொருவர் கேட்டார். கடினமான கேள்வி. எங்கள் செங்கற்பட்டுச் சீமையைச் சார்ந்திருந்த திருப்பெரும்பூதூரில் பிறந்த இராமானுசரின் கதையை அவருக்கு நினைவூட்டினேன். எவர்க்கும் உரைக்காதே என்று குரு ஓதிய மந்திரத்தை, திருக்கோட்டியூர்க் கோபுரமேறி ஊரறியக் கூவினார் என்பார்கள். தாம் நரகம் புகுந்தாலும் பலர் உய்வரே என்றாராம். மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது, நரகத்திலும் கிடையாது. ஆனால் தண்டனை தமக்கு, பயன் ஊருக்கு என்று கணக்கிட்ட அந்த நெஞ்சில் நம்பிக்கை உண்டு. கலைஞர் தம் முதுமையில் அவரைத் தொலைக்காட்சித் தொடராக எழுதியதும் இந்த மீறலை எண்ணியே என்பது என் கருத்து. காசுக்காகப் பகைவனிடம் விற்பவன் கோபுரம் ஏறமாட்டான். கொல்லைப்புற வழியே போவான்.

2019 ஏப்ரல் 10 அன்று, அந்தக் காகிதங்களை ஆராயலாம் என்று மூன்று நீதிபதிகளும் ஒருமுகமாகக் கூறினர். வெள்ளையன் 1923இல் விட்டுச்சென்ற அரசாங்க இரகசியச் சட்டம் அவற்றின் வெளியீட்டைத் தடுக்கவில்லை என்றனர். அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மறுஆய்வு மனுக்களைத் தள்ளியும் விட்டனர். விசாரணைக்கு இடமில்லை என்பது அவர்கள் முடிவு. சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆராய்ந்து தள்ளுவது வேறு, ஆராயவே விடாதது வேறு.

அந்தச் சிறுவன் இன்னொன்றும் கேட்டான்: "நீங்கள் அந்த ஆபீசில் இருந்திருந்தால் நகல் எடுத்துக் கொடுத்திருப்பீர்களா, சார்?"

நாற்பது முகங்கள் என்னை நோக்கின. அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவு மூன்றாண்டுச் சிறை வரை போகும். வீட்டில் என் ஊதியத்தை நம்பி இருப்பவர்களும் உண்டு. "பயந்திருப்பேன்" என்றேன். பயந்த பிறகு என்ன செய்திருப்பேன் என்று அவன் கேட்க வாயெடுக்குமுன் மணி அடித்துவிட்டது. நாளை மீண்டும் அவன் வகுப்பு இருக்கிறது.