மேகத்துக்கு விளிம்பு உண்டா?

கி.பி. 964-ஆம் ஆண்டளவில் இஸ்பஹானில் விண்மீன்களை ஆராய்ந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தம் 'ஸுவருல் கவாகிப்' நூலில் ஓர் ஒளிப்பொட்டை விண்மீன் என்று எழுதவில்லை. 'லத்கா ஸஹாபிய்யா', அதாவது மேகத் தீற்றல், என்றே குறித்தார். இன்று ஆண்ட்ரோமீடா என்று வழங்கும் விண்மீன் மண்டலம் அதுவே. மேகத்துக்கு விளிம்பு ஏது? பின்வந்தோர் பட்ட தொல்லை முழுவதும் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறதென்போம்.

25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும், வானில் அது முழுநிலவின் அகலத்தைப்போல் ஆறு மடங்கு விரிந்துள்ளது. நம் கண்ணுக்குப் புலனாவதோ நடுப்பகுதி மட்டுமே. இரவு வானுக்கும் சொந்த ஒளி உண்டு. மண்டலத்தின் புறப்பகுதி அதனினும் மிக மங்கலானது. எனவே வானொளியைக் கழித்த பிறகே அளக்க வேண்டும். வானொளி எவ்வளவு என்றறியப் பக்கத்திலுள்ள வெற்றிடத்தைப் பார்ப்பார்கள். சிறிய மண்டலத்துக்கு இது பொருந்தும். பெரியதற்கோ அந்த 'வெற்றிட'மும் அதன் உடைமையே! பட்டா நிலத்தின் ஓரத்தைப் புறம்போக்கென்று எழுதிவிடும் கணக்கரின் செயல் இது.

2000-இல் நியூ மெக்ஸிகோவில் தொடங்கிய ஸ்லோன் வானளப்பில் இவ்வாறே நேர்ந்தது. கோடிக்கணக்கான ஒளிப்பொருள்களைக் கணிப்பொறி அளந்தது. அண்மையிலுள்ள பெரிய மண்டலங்களின் ஒளியும், அதனால் எடையும், குறைந்து போயின. சில மண்டலங்களின் சுருட்கரங்களில் இருந்த ஒளித்திட்டுகள் தனித்தனிப் பொருள்களாகவும் எண்ணப்பட்டன. 2011-இல் பிளாண்டனும் உடனுழைத்தோரும் வானொளிக் கணக்கைத் திருத்தி வெளியிட்டனர்.

பெரும்பாலானவற்றுக்குச் சரியாக அமைந்த விதி, சிலவற்றுக்குத் தீங்கிழைத்தால் அதைச் சரியான விதியென்று சொல்லலாமா? சராசரி கெடவில்லையே என்பார் உளர். சராசரி எவருடைய உரிமையையும் காப்பதில்லை என்பதே நம் விடை. விதியை வகுத்தவர்கள் அநீதி செய்ய நினைத்தவர்களல்லர். ஆயினும் இழப்பு இழப்பே.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு சதுர விகலைக்கு 25-ஆம் ஒளித்தரம் என்ற அளவுக்கு ஒளி மங்குமிடத்தை விளிம்பென வைத்துக்கொள்வது வானியலாரின் நெடுநாள் வழக்கம். இயற்கை போடாத கோட்டை மனிதன் போடுவது பொய்யாகாதா? ஆகாது என்றே கருதுகிறோம். வெட்டிய இடத்தைச் சொல்லி வெட்டுபவர் பொய்யரல்லர். கோட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று சொல்லும்போதுதான் பொய் தொடங்குகிறது.

2023-இல் வெளியான சியனா மண்டலத் தொகுப்பு, வானில் பெரிதாகத் தோன்றும் 3,83,620 மண்டலங்களைத் தனியே எடுத்து அளந்துள்ளது. அதில் ஒரு மண்டலத்துக்கு ஒரே விளிம்பு என்பதில்லை. 22-ஆம் ஒளித்தரம் முதல் 26 வரை, ஒளி மங்க மங்க, விளிம்புகள் பல எழுதப்பட்டுள்ளன.